செத்துப்போன தடுப்பூசியும் செழித்து வளரும் ஆய்வுக் கட்டுரைகளும்

கியாசனூர்க் காட்டு நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம் நம் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு பெருமிதம் பரவுகிறது. இதுவரை எவரும் தொடாத நோய் ஒன்றை இந்திய அறிவியல் முதன்முறையாக எதிர்கொள்ளப் போகிறது என்பது போன்ற தொனியில் வாழ்த்துரைகள் எழுதப்படுகின்றன. இந்தப் பெருமிதத்துக்கு அடியில் ஒரு மறதி இருக்கிறது. இந்த நோய்க்கு இந்தியாவில் தடுப்பூசி ஏற்கெனவே இருந்தது. இந்திய ஆய்வகத்தில் உருவாகி, பெங்களூரில் அரசு நிறுவனத்தில் தயாராகி, மேற்குத் தொடர்ச்சி மலையோரக் கிராமங்களில் லட்சக்கணக்கானோருக்குப் போடப்பட்ட தடுப்பூசி அது. ஆற்றல் சோதனைகளில் தேறாத நிலையில் 2022இல் அது நிறுத்தப்பட்டது. இருந்த ஒன்றை இழந்த நாடு, அந்த இழப்புக்கு விளக்கம் தராமலேயே அடுத்ததை அறிவித்துக் கைதட்டு வாங்குகிறது. ஆய்வுலகமும் உடன் சேர்ந்து கைதட்டுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர வேண்டும். 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரப் வட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. அருகிலிருந்த ஊர்களில் மனிதர்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். குரங்குகள் சாவதைக் கேள்வியுற்ற அறிவியலாளர்கள், ஆசியாவில் அதுவரை தலைகாட்டாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்றே முதலில் அஞ்சினர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் இயங்கிய புனே வைரஸ் ஆய்வு மையம் களத்தில் இறங்கியது. கிடைத்தது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அன்று. ரஷ்யக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் மூளையழற்சி வைரஸின் நெருங்கிய உறவு. பரப்புவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. கன்னடத்தில் மக்கள் இதை ‘மங்கன காயிலெ’ என்றனர், குரங்கு நோய் என்று பொருள். இந்தப் பெயரில் குரங்கு இருக்கிறது, உண்ணி இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. இறந்த குரங்கின் உடலைவிட்டு வைரஸ் ஏந்திய உண்ணிகள் உதிர்ந்து இலைச்சருகில் பரவுகின்றன. அந்த மரத்தடிக்கு விறகு பொறுக்கச் செல்பவர்தான் அடுத்த நோயாளி. குரங்கு செத்தால் ஊர் எச்சரிக்கையாகிவிடும்.

உறவுக்கார வைரஸுக்கு எதிரான ரஷ்யவகைத் தடுப்பூசி ஒன்று அந்த நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே இங்கு போட்டுப் பார்க்கப்பட்டது. பயன் தரவில்லை. அதன் பிறகு, கோழிக் கரு உயிரணுக்களில் வைரஸை வளர்த்து, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசியை இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கினர். அதற்கென அயல்நாட்டுக் காப்புரிமையோ பன்னாட்டு நிறுவனமோ தேவைப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் நடந்த பெரிய களச் சோதனையில் ஒரு தவணை 79.3 விழுக்காடும் இரு தவணைகள் 93.5 விழுக்காடும் பாதுகாப்பளித்தன என்று பதிவாயிற்று.

பிறகு 2005 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை வேறொரு சித்திரத்தைத் தந்தது. ஒரு தவணையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இரு தவணைகள் 62.4 விழுக்காடு, ஊக்கத் தவணையும் சேர்ந்தால் 82.9 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளின் முறையியல் ஒன்றல்ல என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதமே. ஆனால் 93க்கும் 62க்கும் இடையிலான வேறுபாட்டை முறையியல் என்னும் ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது. வித்தாகப் பயன்பட்ட வைரஸ் 1957இல் பிரித்தெடுக்கப்பட்டது. களத்தில் திரியும் வைரஸ் அதிலிருந்து எவ்வளவு விலகிவிட்டது? குப்பிகள் காட்டோர ஆரம்ப சுகாதார நிலையத்தை அடையும்வரை குளிர்ச்சங்கிலி அறுபடாமல் இருந்ததா? ஒவ்வொரு தொகுதியின் ஆற்றலும் என்னவாக இருந்தது? இவை நுண்ணுயிரியல் முதுகலை மாணவரே கேட்கக்கூடிய கேள்விகள். 2013இலேயே இவற்றுக்கு ஓர் ஆய்வுக்குழு அமைந்திருக்க வேண்டும். அதே காலத்தில், 2013–14 ஷிவமொக்கா நோய்ப்பரவலை ஆராய்ந்தவர்களும் தடுப்பூசித் திட்டத்தின் போதாமையைச் சுட்டியிருந்தனர். நிறுத்தம் வந்ததோ 2022இல். இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஊசி போடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. தாம் காக்கப்பட்டிருக்கிறோம் என்று நம்பிக் காட்டுக்குள் போனவர்களின் நம்பிக்கைக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

ஆற்றல் குன்றிய மருந்தை நிறுத்தியது சரியான முடிவு. அதில் குறை காண்பதற்கில்லை. குறை இருப்பது, நிறுத்த வேண்டிய நாள் வருமென்று தெரிந்தும் மாற்று ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளாததில்தான். ஒரு தடுப்பூசி சந்தையிலிருந்து நீங்கும்போது அதன் இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தின் அரிச்சுவடி. 2022க்குப் பின் காட்டோர மக்களிடம் மிஞ்சியது டீபா என்னும் உண்ணி விரட்டும் எண்ணெயும், ‘காட்டுக்குள் போகாதீர்கள்’ என்னும் அறிவுரையும் மட்டுமே. பாக்குத் தோப்பிலும் முந்திரிக் காட்டிலும் கூலி வேலை செய்பவரிடம் காட்டுக்குள் போகாதே என்பது, சாப்பிடாதே என்பதற்குச் சமம்.

இவ்விடத்தில் வழக்கமான தற்காப்பு ஒன்று எழும்: மக்கள்தான் ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை, அறியாமை, மூடநம்பிக்கை. கருத்தரங்குகளில் இந்த வாக்கியம் சலிக்காமல் ஒலிக்கிறது. உண்மை நிலை என்ன? அந்த ஊசி கடுமையாக வலிக்கும். போட்ட இடம் எரியும். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, பின்னர் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் ஓர் ஊக்கத் தவணை, அதற்கு மேலும் ஆண்டுதோறும் ஊசி. ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி போகும், மறுநாள் கையைத் தூக்க முடியாது. இத்தனைக்குப் பிறகும் பக்கத்து வீட்டில் முறையாக ஊசி போட்டுக்கொண்டவர் காய்ச்சலில் படுத்தால், தயங்குபவர் செய்வது தெளிவான அனுபவ அனுமானம். அவரிடம் இருந்த தரவு, ஆய்வுக் கட்டுரைகள் பின்னால் கண்டடைந்த தரவோடு ஒத்துப்போகிறது. பலன் குறைந்த ஊசியை மறுத்தவரை அறியாதவர் என்றும், அதைத் தொடர்ந்து விநியோகித்தவர்களை வல்லுநர்கள் என்றும் அழைப்பதற்கு ஓர் அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அடுத்த தற்காப்பு சந்தை. ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு வரும் நோய்க்கு எந்த நிறுவனம் முதலீடு செய்யும் என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தை ஆஸ்திரியாவில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். கியாசனூர் வைரஸின் அதே குழுவைச் சேர்ந்த உண்ணி மூளையழற்சி வைரஸுக்கு எதிராக அச்சிறு நாடு 1970களில் தடுப்பூசி உருவாக்கியது. 1981இல் நாடுதழுவிய தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. அங்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சில நூறுகளே. இயக்கத்துக்குப் பின் அது பெருமளவு சரிந்தது. பழைய தடுப்பூசியைத் தூய்மைப்படுத்தினார்கள், பக்கவிளைவைக் குறைத்தார்கள், தவணைகளைத் திருத்தினார்கள். ஒரே பொருளைப் பத்தாண்டுக் கணக்கில் மெருகேற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்த இந்தியத் தடுப்பூசி பிறந்த மேனியோடு கிழடுதட்டிச் செத்தது. அங்கே ஊசி போட்டுக்கொள்பவர் மலையேற்றத்துக்குப் போகும் நகரவாசியும்தான். இங்கே அவர் வயநாட்டுக் காட்டுநாயக்கர், மலநாட்டுப் பாக்குத் தோப்புக் கூலி, கோவாவின் சத்தாரியில் முந்திரி பொறுக்கும் பெண். சந்தை என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது இந்த வேறுபாடு.

இனி ஆய்வுலகத்தின் பங்குக்கு வரலாம். அதுவே இங்கு முதன்மையான வழக்கு.

கியாசனூர் வைரஸுக்குத் தடுப்பூசி என்று ஆய்வுத் தரவகங்களில் தேடினால் வந்து குவியும் கட்டுரைகளில் ஒரு பெரும்பகுதி கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே வாழ்பவை. வைரஸின் புரத வரிசையைத் தரவிறக்குவது. இலவச வலைக்கருவிகளில் இட்டு, நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடிய துண்டுகளைக் கணிப்பது. அவற்றை இணைப்பிகளால் கோத்து ஒரு கற்பனைப் புரதம் செய்வது. அதை ஏற்பி ஒன்றோடு திரையில் பொருத்திக் காட்டுவது. வண்ணப் படங்கள் நான்கைச் சேர்ப்பது. இறுதிப் பத்தியில், ஆய்வகச் சோதனைகள் மேலும் தேவை என்ற வாக்கியம் தவறாமல் இருக்கும். அந்த ‘மேலும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதல் சோதனையே நடந்திருக்காது. வைரஸின் பெயரை மட்டும் மாற்றினால் அதே வார்ப்பில் நிப்பா, சண்டிபுரா, ஜிகா என எதற்கும் கட்டுரை தயார்.

கணினிவழிக் கணிப்பு பயனற்றது என்பது இங்கு வாதமன்று. ஆயிரம் துண்டுகளில் எந்தப் பத்தை முதலில் சோதிப்பது என்று தீர்மானிக்க அது அருமையான கருவி. ஆனால் சோதனைக்கே போகாத கணிப்பு, விதைக்காமல் அடுக்கி வைத்த விதைநெல். ஆண்டுகள் கடந்தால் அது முளைக்கவும் செய்யாது. ஏனெனில் அடுத்த கட்டுரைக்காரர் முந்தைய கணிப்பைச் சரிபார்ப்பதில்லை, தாமும் புதிதாக ஒன்றைக் கணிக்கிறார். ஒருவரது முடிவை மற்றவர் மறுப்பதோ உறுதிசெய்வதோ இல்லாத துறையில் அறிவு எங்கே வளரும்? கட்டுரைகள்தாம் வளரும்.

மாணவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது அநீதியும்கூட. இந்த வைரஸை உயிரோடு கையாள மிக உயரிய உயிர்ப்பாதுகாப்பு வேண்டும். நான்காம் நிலைப் பாதுகாப்புடன் 2012இல் புனேயில் அமைந்த ஆய்வகம் போன்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆய்வகத்திலேயே இந்நோய் தொற்றிய வரலாறும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை மாதக் கணக்கில் தாமதமாக வரும் ஆய்வு மாணவரிடம் இருப்பது ஒரு மடிக்கணினி. நெறியாளருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். நிறுவனத்துக்குத் தரவரிசை வேண்டும். மாணவர் தம் கைக்கு எட்டியதைச் செய்கிறார். ஆனால் உயிருள்ள வைரஸைத் தொடாமலே செய்யத்தக்க பணிகள் எவ்வளவோ உண்டு. எந்தப் பாதையில், எந்த மாதத்தில், எத்தனை நிம்ஃப் பருவ உண்ணிகள் என்று கணக்கிடும் களப்பணி, ஊசி போட்டவர்களின் குருதியில் எதிர்ப்பொருள் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்ற நீள்கால ஆய்வு, குளிர்ச்சங்கிலித் தணிக்கை, ஊசியை மறுத்தவர்களின் காரணங்களை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்யும் சமூகவியல் ஆய்வு. இவற்றுக்குச் செலவாவது காலணியும் பேருந்துக் கட்டணமும் பொறுமையும். மேற்கோள் எண்ணிக்கை குறைவாக வரும் என்பதுதான் ஒரே சிக்கல்.

உண்ணிகளுக்கே எதிரான தடுப்பூசி என்னும் கருத்து அண்மைக்காலத்தில் மேடைகளில் பெரிதும் பேசப்படுகிறது. ஒரே ஊசியால் உண்ணியை வீழ்த்தினால் அது பரப்பும் எல்லா நோய்களும் ஒழியும் என்பது கேட்க இனிமையான கருத்து. 2021இல் யேல் பல்கலைக்கழகக் குழு, உண்ணி உமிழ்நீரின் 19 புரதங்களைக் குறியிடும் எம்ஆர்என்ஏ தடுப்பூசியைக் கினிப் பன்றிகளில் சோதித்து, உண்ணிகள் சரிவரக் குருதி குடிக்க முடியாமல் உதிர்வதைக் காட்டியது முதல் இந்த உற்சாகம் கூடியிருக்கிறது. அது அமெரிக்கக் காடுகளின் இக்ஸோடெஸ் உண்ணி, கினிப் பன்றி என்னும் விலங்கு. ஆனால் அதற்கும் ஷிவமொக்காவுக்கும் இடையே ஓர் அறிமுக உரையிலேயே பாலம் கட்டிவிடுகிறார்கள்.

உலகில் உண்மையிலேயே விற்பனைக்கு வந்த உண்ணித் தடுப்பூசி மாட்டுக்கானது. 1990களில் ஆஸ்திரேலியாவில் டிக்கார்டு என்றும், கியூபாவில் கவாக் என்றும் அது வெளியானது. இரண்டுக்கும் அடிப்படை, மாட்டு உண்ணியின் குடல் சுவரில் உள்ள பிஎம்86 என்னும் புரதம். தடுப்பூசி போட்ட மாட்டின் குருதியை உண்ணி குடிக்கும்போது, அக்குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் உண்ணியின் குடல் உயிரணுக்களைத் தாக்குகின்றன. உண்ணி உடனே சாவதில்லை. அடுத்த தலைமுறைக்கு இடும் முட்டைகள் குறைகின்றன. நுட்பமான யோசனை. உண்ணி சாதாரணமாகக் கடிக்கும்போது மாட்டின் உடலுக்கு இந்தக் குடல் புரதம் அறிமுகமாவதே இல்லை. ஆகவே உண்ணியால் அதற்கெதிராகத் தப்பும் வழியைப் பழகிக்கொள்ள முடியவில்லை. அதே காரணத்தால் இயற்கையான ஊக்கத் தவணையும் மாட்டுக்குக் கிடைப்பதில்லை. திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். ஊருக்கு ஊர் உண்ணியின் பிஎம்86 வரிசை சற்றே மாறுவதால் பலனும் மாறுகிறது. அர்ஜென்டினாவின் ஓர் உண்ணிக் குலத்துக்குப் பழைய ஆன்டிஜென் எடுபடாமல், பிஎம்95 என்னும் மாற்று தேவைப்பட்டது.

இத்தடுப்பூசி குறிவைத்த ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் தன் மூன்று பருவங்களையும் ஒரே மாட்டின் மீது, ஏறத்தாழ மூன்று வாரங்களில் கழிக்கும் ஒற்றை ஓம்புயிரி உண்ணி. ஒரு மாட்டுக்கு ஊசி போட்டால் உண்ணியின் ஒட்டுண்ணி வாழ்வு முழுவதும் அந்த ஊசியின் பிடிக்குள். கியாசனூர் நோயைப் பரப்பும் உண்ணியோ ஒவ்வொரு பருவத்துக்கும் ஓம்புயிரியை மாற்றும் மூன்று ஓம்புயிரி இனம். இளம்பருவங்களில் எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு. முதிர்ந்த பருவத்தில் மாடு, மான் போன்ற பெரிய விலங்குகள். மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது நிம்ஃப். மாட்டுக்கு ஊசி போட்டால் இந்தச் சுழலின் ஒரு பகுதிக்குத்தான் எட்டும். எனினும் அந்தப் பகுதி அற்பமன்று. முட்டையிடும் பெண் உண்ணிகள் வயிறு நிறைப்பது அங்கேதான். காட்டை அழித்து ஊரும் மேய்ச்சலும் உள்ளே நுழைந்ததே இவ்வுண்ணியைப் பெருக்கியது என்று கொலம்பிய ஆய்வாளர் ஹோர்ஹே போஷெல் 1969இலேயே எழுதினார். மாடு என்னும் அந்தக் கண்ணியைக் குறிவைக்கும் தடுப்பூசி எதுவும் இன்றுவரை மலநாட்டுக் கிராமங்களில் பயன்பாட்டில் இல்லை. கால்நடை மருத்துவம் ஓர் அமைச்சகத்தில், மனித நலம் வேறோர் அமைச்சகத்தில், குரங்கு வனத்துறையிடம். ‘ஒரே நலம்’ என்ற முழக்கத்துக்கு மட்டும் மூன்று துறைகளும் சேர்ந்து மேடை போடுகின்றன.

கால்நடைகளின் கதையும் ஆறுதல் தருவதன்று. அயல்நாட்டுக் காளைகளோடு கலப்பினமாக்கி வெண்மைப் புரட்சி செய்த நாடு, நாட்டு மாடுகளுக்கு இயல்பாக இருந்த உண்ணி எதிர்ப்பைக் கலப்பினங்களில் பெருமளவு இழந்தது. தைலேரியா நோய்க்கு ரக்ஷாவாக்-டி என்னும் இந்தியத் தடுப்பூசி உண்டு. ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்? அவர் கடையில் கிடைக்கும் பைரித்ராய்டு மருந்தைத் தெளிக்கிறார். அதற்கு எதிர்ப்பு பெற்ற உண்ணிகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. 2011இல் குஜராத்தில் கிரிமியன்-காங்கோ குருதிக்கசிவுக் காய்ச்சல் முதன்முறை உறுதியானபோது, நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர்களும் இறந்தனர். மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் ஹயலோம்மா உண்ணி கால்நடைத் துறையின் கோப்போடு நின்றுவிடும் பொருள் அல்ல என்பதை அதற்குப் பிறகும் நாம் எத்தனை பாடத்திட்டங்களில் சேர்த்திருக்கிறோம்?

இப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யுனாலஜிகல்ஸ் நிறுவனமும் புதிய கியாசனூர்த் தடுப்பூசிக்காக உழைக்கின்றன. வரவேற்க வேண்டியது. வரவேற்பவர்கள் கூடவே சிலவற்றைக் கேட்கவும் வேண்டும். பழைய தடுப்பூசியின் தொகுதிவாரி ஆற்றல் சோதனை முடிவுகள் முழுமையாக வெளியாக வேண்டும். எந்த ஆண்டிலிருந்து அது தவறத் தொடங்கியது என்று தெரியாமல் புதியதன் மீது எவ்வகைக் கண்காணிப்பு வேண்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. புதிய ஊசியின் களப்பலனை, தயாரிப்பவரும் விநியோகிப்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு ஆண்டுதோறும் அளக்க வேண்டும். 2012க்குப் பின் நோய் பந்திப்பூர், முதுமலை, வயநாடு, கோவா, சிந்துதுர்க் என்று மலைத்தொடர் நெடுகக் காலூன்றிவிட்டதால், சோதனைகளும் விநியோகமும் கர்நாடகத்தின் சில வட்டங்களோடு முடியக் கூடாது. ஒப்புதல் படிவம் கன்னடம், மலையாளம், கொங்கணி, மராத்தி, தமிழ் என்று மொழிபெயர்க்கப்பட்டால் மட்டும் போதாது. பணியர், காட்டுநாயக்கர், இருளர் முன் வாய்மொழியாக, அவர்கள் பேச்சில் சொல்லப்பட வேண்டும். ஊசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் கூலி ஈடு தரப்பட வேண்டும். இந்தக் கோரிக்கை நிதிக்குழுக் கூட்டத்தில் சிரிப்பை வரவழைக்கும். அதே கூட்டம் பன்னாட்டுக் கருத்தரங்கின் தேநீர்ச் செலவை விவாதமின்றி அங்கீகரிக்கும்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. கியாசனூர் நோய் பற்றி இனி வரும் கணினிவழித் தடுப்பூசி ஆய்வேடு ஒவ்வொன்றிலும், முன்னர் வெளியான கணிப்புகளில் குறைந்தது ஒன்றையாவது ஆய்வகத்தில் சோதித்த அத்தியாயம் இருக்க வேண்டும் என்று ஆய்வுக் குழுக்கள் நிபந்தனை விதிக்கலாம். புரதத் துண்டைச் செயற்கையாக உருவாக்கி, நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தோடு அது வினைபுரிகிறதா என்று பார்க்க உயிருள்ள வைரஸ் தேவையில்லை. சீரம் தரத்தக்கவர்கள் ஷிவமொக்காவிலும் வயநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் மழை ஓய்ந்த பிறகு புறப்படுவது நல்லது. நவம்பர் கடந்தால் நிம்ஃபுகளின் பருவம் தொடங்கிவிடும், அவருக்குப் போட்டுக்கொள்ளவும் இப்போது ஊசி கிடையாது.